எழுத்தறிவை வரையறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பதினான்கு ஆய்வு வரைவுகளைத் திருத்தினேன். எல்லாம் எழுத்தறிவைப் பற்றியவை. எழுதியவர்களில் பாதிப் பேர் ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள், மீதிப் பேர் முதுகலை மாணவர்கள். ஒன்பதாவது வரைவின் நடுவில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "எழுத்தறிவு பெற்றவர்கள் தர்க்கமுறையில் சிந்திக்கும் ஆற்றலைப் பெறுகிறார்கள்" என்று ஒரு வாக்கியம். இருபது ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய வாக்கியம் அது. கிட்டத்தட்ட அதே சொற்கள். முன்னுரையின் இரண்டாம் பத்தியில், அதே இடத்தில்.

மேற்கோளுக்குப் பக்க எண் போடாமல் விடுவது, அறிஞர் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. எந்த வழிகாட்டியும் அவற்றைச் சுழித்துக் காட்டிவிடுவார். ஒருவர் கண்ணிலும் படாமல் அச்சுவரை போய்விடும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆண்டைச் சொல்லாமல் வரையறையை எடுத்தாள்வது

"யுனெஸ்கோவின் வரையறைப்படி" என்று ஆறு வரைவுகள் தொடங்கின. எந்த ஆண்டின் வரையறை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

1958இல் யுனெஸ்கோ சொன்னது மிக எளிமையானது. தன் அன்றாட வாழ்வைப் பற்றிய ஒரு சிறிய, எளிய கூற்றைப் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் முடிந்தவர் எழுத்தறிவு உள்ளவர். புள்ளிவிவரம் சேகரிப்பவர்கள் எல்லா நாடுகளிலும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பரிந்துரை அது. 1978இல் அதைத் திருத்தியபோது 'செயல்முறை எழுத்தறிவு' சேர்ந்தது. தான் வாழும் குழுவும் சமூகமும் எழுத்தைக் கோரும் வேலைகளில் ஒருவர் பங்கெடுக்க முடிகிறதா என்பது அதன் கேள்வி. அளவுகோல் தனிமனிதரின் தலைக்குள்ளிருந்து அவரைச் சுற்றியுள்ள சமூகத்துக்கு நகர்ந்துவிட்டது. 2003இல் பாரிஸில் கூடிய வல்லுநர்கள் இன்னும் விரித்தார்கள். அடையாளம் காணுதல், புரிந்துகொள்ளுதல், விளக்குதல், படைத்தல், தெரிவித்தல், கணக்கிடுதல் எல்லாம் உள்ளே வந்தன. வாழ்நாள் முழுவதும் தொடரும் கற்றலாக எழுத்தறிவு பேசப்பட்டது. எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகிய நமக்குக் கணக்கு அதில் இடம்பெற்றது வியப்பாக இருக்காது.

1958இன் வரையறையைக் காட்டிவிட்டு 2003இன் பொருளில் வாதாடும் கட்டுரை தன் அடித்தளத்தைத் தானே பெயர்க்கிறது. ஒரே தேர்வின் வரையறைகூட நின்ற இடத்தில் நிற்பதில்லை. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா (PISA) தேர்வு 2000இல் தொடங்கியபோது எழுதப்பட்ட பனுவல்களைப் புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, அவற்றைப் பற்றிச் சிந்திப்பது என்று வாசிப்பை வரையறுத்தது. 2009இல் பனுவலோடு ஈடுபாடு கொள்வதையும் சேர்த்தார்கள். 2018இல் மதிப்பிடுவது வந்தது, 'எழுதப்பட்ட' என்ற சொல் போனது. அந்த ஒரு சொல் போனதை வைத்தே ஓர் இயல் எழுதலாம். யாராவது எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

வாசிப்பும் எழுத்தும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நம்புவது

பழைய காலத்தில் எத்தனை பேருக்கு எழுத்தறிவு இருந்தது என்று கண்டுபிடிக்க வரலாற்றாசிரியர்கள் கையெழுத்துகளை எண்ணினார்கள். இங்கிலாந்தில் 1754 முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்திட வேண்டும் அல்லது குறியிட வேண்டும் என்று சட்டம் வந்ததால் அங்கே எண்ணுவது எளிதாயிற்று. அந்த எண்ணிக்கை மதிப்புள்ளதுதான். ஆனால் அது எதை அளக்கிறது?

சுவீடனைப் பாருங்கள். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்குப் பின் மக்கள் வாசிக்கக் கற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. வீட்டிலேயே பெற்றோர் கற்பித்தார்கள். பாதிரியார் வந்து ஒவ்வொருவரையும் சோதித்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். வாசிப்பு ஊரெங்கும் பரவியது. எழுதக் கற்றவர்களோ நெடுங்காலம் குறைவாகவே இருந்தார்கள். அங்கே கையெழுத்தை மட்டும் எண்ணினால், நன்றாக வாசித்த ஒரு மக்கள்கூட்டத்தையே எழுத்தறிவற்றவர்கள் என்று தள்ளிவிடுவோம்.

உங்கள் வரையறை வாசிப்பைப் பற்றியதா, எழுதுவதைப் பற்றியதா, இரண்டையும் பற்றியதா? முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பள்ளிப்படிப்பையே எழுத்தறிவு என்று எடுத்துக்கொள்வது

என்னை எழுந்து நடக்க வைத்த தவறு இதுதான். இதற்கு நான் கொடுத்த விலை அதிகம், என்னைவிட மற்றவர்கள் கொடுத்தது இன்னும் அதிகம்.

முதியோருக்கு எழுத்து வகுப்புகள் தொடங்குவதற்காக ஒரு கணக்கெடுப்பை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேள்வித்தாளில் இரண்டாவது கேள்வியாக, "நீங்கள் படித்திருக்கிறீர்களா? எத்தனை வகுப்புவரை?" என்று போட்டேன். எழுதும்போது அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. தமிழ் என்னை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். தமிழ் எச்சரித்ததை நான் கேட்கவில்லை. 'படி' என்ற வினை எழுத்தை வாசிப்பதையும் குறிக்கும், பள்ளியில் பயில்வதையும் குறிக்கும். "கடிதத்தைப் படித்தார்" என்றால் வாசித்தார். "அவர் படித்தவர்" என்றால் வகுப்புகளைக் கடந்தவர். என் கேள்வி முதல் பொருளைத் தேடியது. கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது பொருளுக்குப் பதில் சொன்னார்கள்.

எழுபது வயதைத் தொட்ட ஓர் அம்மாவிடம் நானே நேரில் கேட்டேன். "எங்கே தம்பி, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை" என்றார். 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வரிசையாக நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பேரப்பிள்ளைகளுடையவை என்று நினைத்துக்கொண்டேன். அவை அவருடையவை. முப்பது ஆண்டுகளின் வரவுசெலவு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எப்போது திரும்பி வந்தது, பிறப்புகள், இறப்புகள் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. அண்ணன் பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அக்கம்பக்கத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்பவரும் அவர்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வகுப்பு தொடங்கி நான்காவது நாளில். அந்த அம்மாவை 'அ, ஆ' வகுப்பில் உட்கார வைத்திருந்தோம். மூன்று நாள் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் வரவில்லை. அவரைப் போலவே இன்னும் பலர் நின்றுவிட்டார்கள். மறுபுறம், "பத்தாம் வகுப்பு" என்று பதில் சொன்ன ஒருவரைத் தேவையில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன். வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் அவர் மாதக்கணக்கில் பிறர் கையை எதிர்பார்த்திருந்தார். தன் பெயரையும் முகவரியையும் எழுதுவார். அதற்குமேல் படிவம் கேட்பது அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்டு வருவதற்குள் வகுப்புகள் நிரம்பிவிட்டன.

ஓராண்டுத் தரவு வீணாயிற்று. அது என் இழப்பு. தனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லக்கூட இடம் கொடுக்காத ஒரு கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்டது, எப்படிப் பார்த்தாலும், அவருக்கு நான் செய்த அவமதிப்பு.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? அறிஞர் உலகத்திலேயே அதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 1931, 1932ஆம் ஆண்டுகளில் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் புதிர்கள் போட்டார். "தூர வடக்கில், பனி உள்ள இடத்தில், எல்லாக் கரடிகளும் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடிகள் என்ன நிறம்?" கறுப்புக் கரடியைப் பார்த்திருக்கிறேன், வேறு நிறத்தைப் பார்த்ததில்லை என்பதுபோல் ஒருவர் பதில் சொன்னார். ஓரளவு பயிற்சி பெற்றவர்கள் 'வெள்ளை' என்றார்கள். 1963இல் மானிடவியலாளர் ஜாக் குடியும் இலக்கிய ஆய்வாளர் இயன் வாட்டும் எழுத்தின் விளைவுகளைப் பற்றிப் பெரும் கட்டுரை எழுதினார்கள். 1982இல் வால்டர் ஓங், லூரியாவின் அந்த உரையாடல்களை எடுத்துவைத்து, எழுத்து மனித உணர்வையே மாற்றியமைக்கிறது என்று வாதிட்டார். நம் மாணவர்களின் முன்னுரை வாக்கியம் இந்த வழியாக வந்து சேர்கிறது.

லூரியா ஒப்பிட்ட இரண்டு கூட்டத்தாருக்கும் இடையே எழுத்து மட்டுமா வேறுபாடு? விடை சொன்னவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள், கூட்டுப்பண்ணை நிர்வாகத்தில் புழங்கியவர்கள். எழுத்து செய்ததையும் பள்ளி செய்ததையும் அங்கே பிரிக்க வழியில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்த விடையைப் பிறரிடம் கேள்வியாகக் கேட்பது பள்ளியின் வழக்கம். தான் காணாததைப் பற்றி அடித்துச் சொல்ல மறுத்தவரை நான் அறிவு குறைந்தவராக எண்ண மாட்டேன்.

எழுத்தையும் பள்ளியையும் பிரித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. உளவியலாளர்கள் சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் அதை மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 'வாய்' (Vai) என்ற இன மக்களிடம் கண்டார்கள். 1970களில் ஆய்வு செய்து 1981இல் நூலாக வெளியிட்டார்கள். வாய் மக்களிடம் மூன்று எழுத்துகள் புழங்கின. ஆங்கிலம் பள்ளியில் கற்பிக்கப்பட்டது. அரபி குர்ஆன் பாடத்தில் ஓதிக் கற்கப்பட்டது. மூன்றாவது அவர்களின் சொந்த அசையெழுத்து. 1830களில் அவர்களிடையேயே உருவானது. அதற்குப் பள்ளி கிடையாது, பாடநூல் கிடையாது. உறவினரோ நண்பரோ உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார், கற்றவர் கடிதம் எழுதுவார், கணக்கு வைப்பார். அந்த அம்மாவின் அலமாரியை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியை நான் முதலில் வாசித்தேன்.

பள்ளிக்கே போகாமல் எழுத்தறிந்தவர்கள் அங்கே இருந்ததால், நெடுநாள் ஊகத்தைச் சோதிக்க முடிந்தது. வாய் எழுத்தை மட்டும் அறிந்தவர்கள், வகைப்படுத்துவதிலும் தர்க்கப் புதிர்களிலும் எழுத்தறியாதவர்களைவிடப் பொதுவாக மேம்பட்டு நிற்கவில்லை. பள்ளி சென்றவர்களிடம் வேறுபாடு தெரிந்தது, குறிப்பாகத் தங்கள் விடைக்கான காரணத்தைச் சொற்களில் விளக்குவதில். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனக்கென்று ஒரு திறனைக் கூட்டியிருந்தது. வாய் எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள், எதிரே இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டை விளக்கிச் சொல்வதில் சிறந்து நின்றார்கள். குர்ஆனை ஓதிப் பழகியவர்கள், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டே போகும் பட்டியலை நினைவில் வைப்பதில் சிறந்து நின்றார்கள். எழுத்தைக் கொண்டு எதைச் செய்து பழகினார்களோ அதில் தேர்ந்தார்கள்.

ஆகவே உங்கள் முன்னுரையில் அந்தத் தர்க்க வாக்கியம் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். கேள்வித்தாளில் "எத்தனை வகுப்பு?" என்பது எழுத்தறிவின் அளவாக இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். நான் இப்போது கேட்பது: கடைசியாக எதை வாசித்தீர்கள், யாருக்காக, எந்த மொழியில்? கையால் எதையாவது எழுதி வைக்கும் வழக்கம் உண்டா, காட்ட முடியுமா? ஒரு தாள் வந்தால் புரியாத இடத்தில் யாரிடம் போவீர்கள்? உங்களிடம் யார் வருவார்கள்? வகுப்புக் கணக்கு வேறொரு பக்கத்தில் இருக்கட்டும். இந்த வழியில் நேரம் இரண்டு மடங்கு ஆகும். அதைச் செலவழிக்க மனமில்லாதவர்கள், தங்கள் தலைப்பில் 'பள்ளிக்கல்வி' என்று எழுதிக்கொள்வதே நேர்மை.

ஸ்ட்ரீட்டின் இரண்டு மாதிரிகளை எதிரிகளாக நிறுத்துவது

மானிடவியலாளர் பிரையன் ஸ்ட்ரீட் எழுத்தறிவைப் பற்றி 1984இல் எழுதிய நூலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எழுத்தறிவு எந்தச் சமூகத்தில் போட்டாலும் ஒரே விளைவைத் தரும் நடுநிலையான திறன் என்று கருதுவதைத் 'தற்சார்பு மாதிரி' என்றார். எழுத்து எப்போதும் யாரோ சிலரின் அதிகாரத்தோடும் நம்பிக்கைகளோடும் பின்னியே வரும் என்று பார்ப்பதைக் 'கருத்தியல் மாதிரி' என்றார். தமிழில் 'கருத்தியல்' என்றதும் கட்சிக் கொள்கை நினைவுக்கு வருவதால், கருத்தியல் மாதிரி என்பது பிரசாரம் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். இன்னொருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறனே தேவையில்லை என்று ஸ்ட்ரீட் சொல்வதாக எழுதியிருந்தார். ஸ்ட்ரீட் அந்தத் திறனை மறுக்கவே இல்லை. அந்தத் திறனும் ஏதோ ஒரு சமூக வழக்கத்துக்குள் இருந்துதான் வேலை செய்கிறது என்றார்.

அவருடைய இந்தப் பார்வை ஈரானியக் கிராமங்களில் 1970களில் செய்த களப்பணியில் விளைந்தது. மதப் பாடசாலையில் ஓதக் கற்றவர்கள், அங்கே பழகிய எழுத்தைப் பழ வணிகத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். பட்டியல், ரசீது, கணக்கு எல்லாம் அதிலிருந்து வந்தன. அரசுப் பார்வையில் அவர்கள் பின்தங்கியவர்கள். இந்தப் பழ வணிகர்களைச் சொல்லாமல் மாதிரிகளின் பெயரை மட்டும் சொன்னால் மாணவருக்கு ஒன்றும் நிற்காது.

எழுதாதவர்களை 'கைநாட்டு' என்று குறிப்பிடுவது

வசைச்சொல். ஆய்வில் அதற்கு இடமில்லை.

நிகழ்வையும் நடைமுறையையும் குழப்புவது

மொழி மானிடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில் இரண்டு தொழிலாளர் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் பழகி, 1983இல் தன் நூலை வெளியிட்டார். ரோட்வில், டிராக்டன் என்பவை அவர் இட்ட புனைபெயர்கள். டிராக்டனில் ஒருவர் கடிதத்தையோ செய்தித்தாளையோ வாயிலில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். சுற்றியிருப்பவர்கள் இடைமறித்து, தங்கள் அனுபவத்தைச் சேர்த்து, அதன் பொருளைக் கூடிப் பேசி முடிவுசெய்வார்கள். இப்படி ஒரு தாள் நடுவில் இருந்து பேச்சை நடத்தும் தருணம் எழுத்தறிவு நிகழ்வு. அதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம். நடைமுறை கண்ணுக்கு நேராகத் தெரியாது. யார் வாசிக்கலாம், எதை உரக்க வாசிக்கக்கூடாது, தனியாக வாசிப்பவரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற பழக்கமும் மதிப்பும் சேர்ந்தது அது. பல நிகழ்வுகளைப் பார்த்த பிறகே அதை ஊகிக்க முடியும். ஒரு மதியவேளையில் ஒரு நிகழ்வைப் பார்த்துவிட்டு நடைமுறையைக் கண்டுவிட்டதாக எழுதாதீர்கள்.

எதற்கும் 'அறிவு' சேர்ப்பது

கணினி எழுத்தறிவு, நிதி எழுத்தறிவு, உடல்நல எழுத்தறிவு. வாசிக்க ஒரு பனுவலும் இல்லாத இடத்தில் 'திறன்' என்று எழுதினால் போதும்.

ஃபிரேயிரேயை முழக்கமாக்குவது

சொல்லை வாசிப்பதற்கு முன்பே உலகை வாசிக்கிறோம் என்ற பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரேயின் கருத்து ஐந்து வரைவுகளில் இருந்தது. அவர் எப்படிக் கற்பித்தார் என்பது ஒன்றில்கூட இல்லை. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸில் சுமார் 300 பேருக்கு அவர் குழு எழுத்துக் கற்பித்தது. கற்பவர்களின் வாழ்க்கையிலிருந்தே சொற்களைத் தேர்ந்தார்கள். அந்தச் சொல் தொடர்பான படத்தை வைத்து முதலில் விவாதம். பிறகு அதே சொல்லை அசைகளாகப் பிரித்து, அசைக் குடும்பங்களை அட்டவணையாக்கி, அவற்றிலிருந்து புதிய சொற்களைக் கற்பவர்களே உருவாக்கினார்கள். விவாதமும் அசை அட்டவணையும் ஒரே பாடத்துக்குள் இருந்தன. அட்டவணையை விட்டுவிட்டு விடுதலையை மட்டும் பேசினால், முப்பது பேர் முன்னால் நிற்கும் ஆசிரியருக்குத் திங்கட்கிழமை காலையில் அது உதவாது.

ஆசிரியர் தன் மதிப்பெண் அட்டையைப் பார்க்காமல் இருப்பது

எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது. உங்கள் வரையறை கட்டுரையில் எழுதியது எதுவாகவும் இருக்கட்டும், உண்மையான வரையறை நீங்கள் மதிப்பெண் போடும் தாளில் இருக்கிறது. பத்தில் ஏழு மதிப்பெண் எழுத்துப்பிழைக்கும் சந்திக்கும் போனால், எழுத்தறிவு என்பது பிழையின்மை என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டீர்கள்.

ஒரு மாணவி அறிவியல் சோதனை அறிக்கையைக் கதைபோல எழுதிக்கொண்டுவந்தார். வாக்கியங்களில் ஒரு பிழை இல்லை. என்ன பார்த்தார், எப்போது அஞ்சினார், எப்போது மகிழ்ந்தார் எல்லாம் இருந்தன. அளவுகள் இல்லை. குறைந்த மதிப்பெண் பெற்று, "என்ன தப்பு செய்தேன், ஐயா?" என்று கேட்டார். மொழியியலாளர் ஜேம்ஸ் பால் ஜீ 1989இல் எழுதியது அப்போது உதவியது. இலக்கணம் சரியாக இருந்தாலும், அந்த வட்டத்தில் பேசும் முறை, மதிக்கும் பொருள், நடந்துகொள்ளும் விதம் எல்லாம் சேர்ந்து பொருந்தாவிட்டால் ஒருவர் வெளியாளாகவே நிற்பார் என்கிறார் ஜீ. வீட்டில் இயல்பாக வரும் முதல் முறைக்கு அப்பால், வெளி உலகின் இப்படிப்பட்ட முறைகளைக் கைக்கொள்வதைத்தான் அவர் எழுத்தறிவு என்கிறார். ஆகவே அது ஒன்றாக இருக்க முடியாது, பலவாகவே இருக்கும். அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது இலக்கணப் பயிற்சியன்று. நல்ல அறிக்கைகள் நான்கைப் படித்து, அவற்றை எழுதியவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கவனிக்கும் பயிற்சி. அதை நான் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்காமல் விடுவது

1998இல் அமெரிக்க எழுத்தறிவு ஆய்வாளர் டெபோரா பிராண்ட் 'எழுத்தறிவின் புரவலர்கள்' என்று ஒரு சொல்லை முன்வைத்தார். கற்றுக்கொடுப்பவர், ஆதரிப்பவர், அனுமதிப்பவர் ஆகியோரோடு, தடுப்பவரும் மறுப்பவரும் அதில் அடங்குவார்கள். ஏதோ ஒரு வகையில் அவர்களுக்கும் அதனால் ஆதாயம் உண்டு. ஒவ்வொரு நேர்காணலிலும் இந்த ஒரு கேள்வியைச் சேருங்கள்: உங்களுக்கு எழுத்தைக் காட்டியவர் யார், வேண்டாம் என்றவர் யார்? பதில் முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள்.